சென்னையிலிருந்து சியோல்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பயிற்சிக்காக முதன்முறையாகக் கொரியா கிளம்பினார். "எப்போப்பா போய்ச் சேருவான்?" என்று அவருடைய அம்மா என்னிடம் கேட்டார். டிக்கெட்டைப் பார்த்து, "காலைல 7.15-க்கு இறங்கிடுவான்மா, இறங்கினதும் போன் பண்ணுவான்" என்றேன்.

போன் அடித்ததோ அதிகாலை நான்கு மணிக்கு! அந்த நேரத்தில் போன் வந்தால் எந்தத் தாய்தான் பதறமாட்டார்? மகன் குரலைக் கேட்ட பிறகுதான் உயிர் வந்ததாம். தவறு என்னுடையது. டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரம், இறங்கும் ஊரின் நேரம். இன்ஜினியரிங் படித்த நானே அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் கணக்கை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே போடலாம்.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்துங்கள். மெனுவின் மேலே இரண்டு எண்கள் தெரியும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சென்னைக்கு 12.99, 80.17. சியோலுக்கான இஞ்சியோன் விமான நிலையத்திற்கு 37.46, 126.45.

இனி விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் 'சயின்டிஃபிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோணம் டிகிரியில் இருக்க வேண்டும்.

1. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1367.

2. அவற்றின் காஸ் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 46.28-இன் காஸ் மதிப்பாலும் பெருக்குங்கள்: 0.5346.

3. இரண்டையும் கூட்டினால் 0.6713. இதற்குத் தலைகீழ் காஸ் எடுத்தால் 47.83 டிகிரி.

4. பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 5,319 கி.மீ.

விடையைச் சரிபார்க்க, கூகுள் மேப்ஸின் அதே மெனுவில் தூரம் அளக்கும் வசதியும் உண்டு.

அடுத்து நேரம். மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வைத்தால் ஆறேகால் மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் ஆறே முக்கால். இது உத்தேசக் கணக்குதான். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். அதனால் திரும்பும் பயணம் பொதுவாகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கடைசியாகக் கடிகாரம். கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் இரவு 8 மணிக்குக் கிளம்பி நேராகப் பறந்தால், நம் நேரப்படி 2.45-க்கு இறங்கும். டிக்கெட்டிலோ காலை 6.15 என்றிருக்கும். வழியில் விமானம் மாறினால் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கணக்கிட்டு, காத்திருக்கும் நேரத்தையும் சேருங்கள்.

தம்பி திரும்பி வரும்போது கணக்கைச் சரியாகப் போட்டு, இறங்கும் நேரத்தை அம்மாவிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாடு கிளம்பினால், போன் வரும் நேரத்தை நம் மணியில் எழுதி வீட்டில் ஒட்டிவிடுங்கள்.