ராக்கெட்டும் நமது ரொக்கப் புத்தகமும்



2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2, சனிக்கிழமை. முற்பகல் வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரம். வடகரையில் நமது மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க வந்த மளிகைக் கடைக்காரர்கள் சிட்டையைக் கொடுத்துவிட்டு செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் அன்றுதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி நமது செங்கோட்டையைச் சேர்ந்தவர். அங்கே பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1987-இல் விண்வெளித் துறையில் சேர்ந்தவர். ராக்கெட் எழும்பியதும் கடையில் கைதட்டல் கேட்டது. கைதட்டல் ஓய்ந்ததும் ஒருவர் கேட்டார்:

"அண்ணாச்சி, சூரியனைப் பாக்க இவ்வளவு கோடி எதுக்கு? துவரம்பருப்பு விலையைக் குறைக்க ஒரு மெஷின் கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனாலும் கேள்வி நியாயமானது. செலவு என்றால் வரவு என்ன என்று கேட்பது வணிகனின் இயல்பு. பத்திரிகையில் வரும் கம்ப்யூட்டர், ராக்கெட் செய்திகளைப் படிப்பதோடு விட்டுவிடாமல், அவற்றில் நமக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கவே இக்கட்டுரை.

செலவுக் கணக்கு

முதலில் செலவு. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்திற்குச் சுமார் 615 கோடி ரூபாய் செலவானது. கேட்கப் பெரிய தொகைதான். 140 கோடி மக்களுக்கு அதை வகுத்தால் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. தென்காசி பஸ் நிலையத்தில் அந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்காது.

வரவு என்ன? நிலவிலிருந்து நமக்கு மூட்டை ஏதும் வந்து இறங்கப்போவதில்லை. ஆனால் அதே துறை அனுப்பிய வேறு செயற்கைக்கோள்கள் நாள்தோறும் நமக்காக வேலை செய்கின்றன. வானிலைக்கான இன்சாட் வகைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் அது பூமியைச் சுற்றும் வேகமும் பூமி தன்னைத்தானே சுற்றும் வேகமும் சரியாகப் பொருந்திவிடுகின்றன. ஆகவே நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல் நிற்கும். அங்கிருந்தபடி அது அனுப்பும் மேகப் படங்களைத்தான் டி.வி.யில் பார்க்கிறோம். இன்சாட்-3டிஎஸ் என்ற செயற்கைக்கோள் 2024 பிப்ரவரி 17 அன்று இந்த வேலைக்காகவே அனுப்பப்பட்டது.

மிளகாய் வத்தல், வெல்லம், கருப்பட்டி, கொப்பரை ஆகியவற்றை இருப்பு வைக்கும் நமக்கு இது சாதாரண விஷயமல்ல. சாரல் தொடங்கப்போகிறது என்று நாலு நாள் முன்னதாகத் தெரிந்தால் குடோனில் அடிப்பலகை போடலாம், தார்ப்பாயைச் சரிபார்க்கலாம், வத்தல் லாரியை இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஈரம் ஏறிய வத்தலை என்ன விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. செயற்கைக்கோள் மேகத்தின் மேற்பக்கத்தைப் பார்க்கிறது. நம் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பதை அது அளந்து சொல்லாது. அதற்கு நாம்தான் சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கியிருக்க வேண்டும். கருவி எச்சரிக்கும்; காப்பாற்றிக்கொள்வது நம் வேலை.

மகேந்திரகிரியில் நடப்பது

விண்வெளித் துறை என்றால் ஸ்ரீஹரிகோட்டாவும் பெங்களூரும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் நமது மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே மகேந்திரகிரி மையம் இருக்கிறது. ராக்கெட் என்ஜின்களைப் பறக்கவிடுவதற்கு முன் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கும் இடம் அது.

திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து இயங்குவது கிரையோஜெனிக் என்ஜின். ஹைட்ரஜனைத் திரவமாக வைத்திருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் வேண்டும். ஆக்சிஜனுக்குக் கீழே 183 டிகிரி. அத்தனை குளிர்ந்த சரக்கை உள்ளே வைத்துக்கொண்டே, அடுத்த அறையில் ஆயிரக்கணக்கான டிகிரி நெருப்பு எரிய வேண்டும். ஒரு குழாயில் சிறு கசிவு என்றாலும் எல்லாம் போயிற்று. ஆகவே சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜினை 2023 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்துச் சரி என்று கண்ட பிறகே, ஜூலை 14 அன்று பறக்கவிட்டார்கள்.

வணிகர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான். பறப்பது சில நிமிடம். அதற்கு முன் தரையில் சோதிப்பது பல மாதம்.

நஷ்டத்தை எழுதி வைத்தவர்கள்

இரண்டாவது விஷயம், தோல்வியை அவர்கள் கணக்கெழுதிய விதம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று நமது முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் நமது ராமேஸ்வரத்து அப்துல் கலாம். புறப்படும் முன் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்று காட்டியதையும், நிபுணர்கள் பயமில்லை என்று சொன்னதால் அதைத் தாண்டி அனுப்பியதையும் அவரே பல மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். அன்று பத்திரிகையாளர் முன்பு வந்து பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர் துறைத் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார். நஷ்டம் வந்தால் கணக்குப்பிள்ளையைத் திட்டுவதும், லாபம் வந்தால் நம் சாமர்த்தியம் என்பதும் கடைத்தெருவில் நாம் பார்க்காததா?

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. அதற்கடுத்த முறை அவர்கள் "எப்படி வெற்றி பெறலாம்" என்று மட்டும் கேட்கவில்லை. "எதெது கெட்டுப்போகக்கூடும்" என்று பட்டியல் போட்டார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து, நாலு கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பாக விரித்தார்கள். கலம் இறங்கிவிட்டது.

நமது கடையில் நடந்தது

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், சோதிக்காமல் நம்பியதன் பலனை நாமே அனுபவித்திருக்கிறோம்.

2008-ஆம் ஆண்டு நமது கடையில் கம்ப்யூட்டர் வைத்தோம். பொருத்திக் கொடுத்தவர், "இனி நாள்வழி, பேரேடு எதுவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் நகல் தானாகப் பதிவாகிவிடும்" என்றார். நமக்கும் பெருமை தாங்கவில்லை. இரண்டே வாரத்தில் கையெழுத்துக் கணக்கை நிறுத்திவிட்டோம். தீபாவளிக்கு முந்தின வாரம் மின்சாரம் ஏறி இறங்கியதில் பெட்டி செத்துப்போயிற்று. நகல் எங்கே என்று கேட்டால், அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருந்ததாம். சாவியையும் பூட்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிய கதை.

மூன்று மாதப் பாக்கி போயிற்று. நமது பழைய கணக்குப்பிள்ளை, தூக்கிப் போடச் சொன்ன சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அதைக்கொண்டு பாதிக்கு மேல் மீட்டோம். மீதிக்கு மனிதர்களின் நாணயம்தான் துணை. பண்பொழியிலிருந்து ஒரு சிறு கடைக்காரர் சட்டைப்பை நோட்டோடு வந்தார். "அண்ணாச்சி, என் பேர்ல பதினெட்டாயிரத்து நானூறு நிக்குது, எழுதிக்கிடுங்க" என்றார். நம் நினைவில் இருந்தது பன்னிரண்டாயிரம்தான்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறோம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ஒருவரிடம் நாம் மறுபடி கேட்டோம். கட்டிவிட்டேன் என்றார். கணக்கில் இல்லையே என்றோம். கணக்கே நம்மிடம் இல்லை என்பதை மறந்து. அவர் ஒன்றும் பேசாமல் இரண்டாம் முறையும் கட்டிவிட்டுப் போனார். ஏழெட்டு மாதம் கழித்துக் குடோன் அலமாரியில் அவருடைய ரசீதின் அடிச்சீட்டு கிடைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு நம் கடைக்குச் சரக்கெடுக்க வரவில்லை. அந்த நஷ்டத்தை எந்த ஐந்தொகையிலும் எழுத முடியாது.

கம்ப்யூட்டர் வேண்டாமா?

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்பதா? இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அது இல்லாமல் மொத்த வியாபாரம் நடத்த முடியாது. நமக்குச் சரக்கு விற்றவர் தம் பில்லை இணையத்தில் பதிந்தால்தான் நாம் கட்டிய வரி நமக்கு வரவாகும். அதைக் கையால் சரிபார்த்து மாளாது. தவிரவும், கம்ப்யூட்டர் என்பது பட்டணத்துச் சங்கதி என்று ஒதுங்குவதற்கும் இடமில்லை. நமது தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-இலேயே அலுவலகம் தொடங்கியது. தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் எழுதும் மென்பொருளை வெளிநாட்டு வணிகர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பெரியவர்களும் சோதிக்கத் தவறினால் விழுவார்கள். 2024 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று பேனாவும் காகிதமும்தான் கைகொடுத்தன.

கடையில் கைக்கொள்ள வேண்டியவை

1. புதிய பில் மென்பொருள் வைத்தால் குறைந்தது மூன்று மாதம் கையெழுத்துக் கணக்கையும் சேர்த்தே நடத்துங்கள். மாதக் கடைசியில் இரண்டும் காசு பிசகாமல் ஒத்துப்போனால்தான் நம்பலாம். இதுவே நமது மகேந்திரகிரி.

2. கணக்கின் நகலைக் கடைக்கு வெளியே வையுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இல்லாத நகல்தான்.

3. கடன் பாக்கியை மட்டுமாவது மாதந்தோறும் அச்சிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

4. யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் 2016-இல் வந்தது. கல்லாப்பெட்டியில் சில்லறைத் தகராறு குறைந்தது. ஆனால் வாங்குபவர் காட்டும் செல்போன் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். நம் கணக்கில் வரவு ஏறியதை நம் போனிலோ ஒலிப்பெட்டியிலோ உறுதி செய்த பிறகே கொடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி.

5. கடை திறந்ததும் நமது க்யூ.ஆர். அட்டையை ஒரு தரம் பாருங்கள். அதன்மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் வியாபாரம் செய்ய, பணம் எவனோ ஒருவன் கணக்குக்குப் போகும்.

6. நஷ்டம் வந்தால் யார் செய்தது என்று கேட்பதற்கு முன், எதனால் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதுவே முதலாகும்.

நமது தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும்; எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே கடல்மேல் போகலாம். லோடு லாரிக்குச் சுற்றுவழி வேண்டாம் என்று நாம் பார்க்கும் அதே வாடகைக் கணக்குதான். சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து கிளம்பும் நாளில் நம் கடைப் பையன்கள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள், நாமும் ஓடுவோம்.

பார்த்துவிட்டு இறங்கி வந்து, அன்றைய ரொக்கப் புத்தகத்தை ஒருமுறை கூட்டிச் சரிபார்த்து மூடுவோம்.

வளர்க வணிகம்.