வில் இழுக்கும் தோள்
ஊசி, நூல், உடுப்பு – 11

ஆடி 17, 18 வந்தால் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. சங்ககாலத்தில் இந்த மலையை ஆண்ட ஓரிக்கு அரசு எடுக்கும் விழா அது. வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அதை ஒட்டியே மலையில் பல வீடுகளில் பிள்ளைக்கு ஓரி வேஷம் போட்டுப் பார்க்கும் ஆசையும் வந்துவிடும். அரியூர் நாட்டில் இருக்கும் என் தோழிக்கும் வந்தது. மகன் இரண்டாம் வகுப்பு, பள்ளியில் மாறுவேடப் போட்டி. துணிப்பையும் அளவு நாடாவுமாகக் காரவள்ளியில் பஸ் பிடித்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.

பையன் திட்டமாகச் சொல்லிவிட்டான். “ஓரி வேணாம் பெரியம்மா. பாகுபலி!”

“ஓரியும் வில்லாளிதானேடா?”

“பாகுபலி ஒரே நேரத்துல மூணு அம்பு விடுவாரு.”

2017-இல் வந்த இரண்டாம் பாகத்தில் தேவசேனைக்கு மூன்று அம்பு தொடுக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி அது. டி.வி.யில் போடும்போதெல்லாம் பார்த்திருக்கிறான். நான் ஓரியின் ஒற்றை அம்பைச் சொன்னேன். யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்த அம்பு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “அஞ்சா? சரி, ஓரி. ஆனா சட்டை பாகுபலி சட்டை.”

இந்த நிபந்தனையை நான் தள்ளிவிடவில்லை. ராஜா உடுப்பு என்றால் நம் எல்லோர் கண்ணிலும் முதலில் வந்து நிற்பது சினிமா உடுப்புதான். மாறுவேடப் போட்டி மேடைகளில் எத்தனை கட்டபொம்மன்களைப் பார்த்திருக்கிறோம்! அந்த மீசை, தலைப்பாகை, பளபளக்கும் அங்கி எல்லாம் 1959-இல் பி.ஆர். பந்துலு எடுத்த படத்தில் சிவாஜி கணேசன் போட்டவை. அதற்கு முன் அது நாடகம். 1957-இல் இந்த மலைக்குப் பக்கத்துச் சேலத்தில்தான் முதலில் மேடையேறியது. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரருக்கு ஒரு நடிகரின் முகமும் உடுப்பும் நிலைத்துவிட்டன. 2022-இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ வந்த பிறகு சோழர் வேஷத்துக்கு ஏகா லகானி அமைத்த உடைகளைப் பார்த்துத் தைக்கிறார்கள். அப்படி மனத்தில் பதிந்த திரைமுகம் ஓரிக்கு இல்லை. ஆகவே பிள்ளை பாகுபலியிடம் கடன் கேட்கிறான். கேட்கட்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்பதில்தான் தைக்கிறவர் கவனம் வேண்டும்.

ஓரியின் தோற்றத்துக்கு நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார்: சங்கப் புலவர் வன்பரணர். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் அவர் சொல்லும் கதை இது. காட்டு வழியில் ஒரு வேடன் அம்பு விடுவதைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. அவன் யாரென்று தெரியாது. விலைக்கு விற்க வேட்டையாடுபவன் போலவும் இல்லை. செல்வம் உடையவனாகத் தெரிகிறான். எதை வைத்து அப்படி நினைக்கிறார்கள்? அகன்ற மார்பில் தொங்கும் ஆரத்தை வைத்து. கிரீடம் இல்லை, கவசம் இல்லை. மார்பு, ஆரம், வில். பாடி முடித்து ஓரியைப் புகழ்ந்தபோது தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவன் வெட்கப்பட்டானாம். வேட்டைக் கறியும் கள்ளும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தானாம். இந்த ஓரியை எனக்கு எந்தத் திரை ராஜாவையும்விடப் பிடிக்கும். அவனுக்குச் சட்டை இருந்ததாகவும் பாட்டு சொல்லவில்லை. தைத்த மேல்சட்டையைச் சங்கப் பாட்டில் தேடினால் அது முல்லைப்பாட்டில், பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர் உடம்பில் இருக்கிறது.

ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், ஆடி மாதச் சாரல், விடாத காற்று. ஏழு வயதுப் பிள்ளையை வெற்று மார்போடு மேடையில் நிறுத்த முடியாது. அதனால் உள்ளே அவன் நிறத்துக்கு ஒத்த பருத்திச் சட்டை ஒன்று, அதன் மேல் கையில்லாத மார்புக் கவசம், கீழே தைத்த பஞ்சகச்சம் என்று முடிவு செய்தோம். கவசம் பாகுபலிக்கு, ஆரம் வன்பரணருக்கு.

படத்துக் கவசத்தை அப்படியே எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அது கேமராவுக்குச் செய்தது. ஒரு ஷாட் எடுத்ததும் கழற்றி விடவும் சரிசெய்யவும் பக்கத்திலேயே ஆள் இருக்கும். நம் பிள்ளை காலையில் போட்டால் பரிசு கொடுத்து முடியும்வரை அதோடுதான் உட்காருவான், ஓடுவான், சோறு தின்பான். ரெக்சினில் தைத்தால் உள்ளே வியர்வை நிற்கும், மடங்கும் இடத்தில் கழுத்தை அறுக்கும். நான் எடுத்தது பழுப்பு நிறக் காடாத் துணி. அதன் பின்னால் சட்டைக் காலருக்கு ஒட்டும் கேன்வாஸை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, மேலே அரை அங்குல இடைவெளியில் வரிவரியாகத் தையல் ஓட்டினால் போதும். தள்ளி நின்று பார்த்தால் தோல் பட்டைகளை அடுக்கியது போலவே இருக்கும். இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடத்தில் 14-ஆம் நம்பர் ஊசி தவிக்கும், 16 போடுங்கள். துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவைக்க மறக்க வேண்டாம். காடா சுருங்கும்.

இனி அளவு. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வில்லாளி உடுப்பு கெடுவது இங்கேதான். பிள்ளையை நேராக நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு முதுகு அளவு எடுப்பது வழக்கம். அந்த அளவில் தைத்த சட்டையோடு வில்லை இழுத்தால் அக்குள் பிடிக்கும். சட்டை முழுவதும் மேலே ஏறி வயிறு தெரியும். அவன் கையில் வில்லைக் கொடுத்தேன். நாணை இழுத்து நிற்கச் சொல்லிவிட்டு, முதுகின் குறுக்கே நாடாவை வைத்தேன். தொங்கவிட்ட கையோடு எடுத்ததைவிட ஒன்றரை அங்குலம் கூடுதலாக வந்தது. உள்சட்டையை அந்த அளவுக்கே வெட்டினேன். அக்குளைத் தாழ்த்தி வெட்டினால் கை தாராளமாகத் தூக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. தாழ்த்தினால்தான் கை தூக்கும்போது சட்டையும் கூட வரும். அக்குளை உயர்த்தியே வெட்டி, மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைக்க வேண்டும். பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு சதுரம் இருக்குமே, அதுதான். மூலைகளில் தையலைக் கால் அங்குலம் முன்பே நிறுத்தித் திருப்பினால் சுருக்கம் விழாது.

தைத்து முடித்ததும் அவன் வில்லை நான்கைந்து முறை இழுத்துப் பார்த்தான். சட்டை இடுப்பை விட்டு அசையவில்லை. “இறுக்கமாவே இல்ல பெரியம்மா” என்றான். கூலி கிடைத்தது.

பஞ்சகச்சம் எளிது. பழைய எட்டு முழ வேட்டி இருந்தால் புதுத்துணியே வேண்டாம். கொசுவத்தை முன்னாலேயே மடித்து இடுப்புப் பட்டியில் தைத்துவிட்டு, பின்பக்கம் மட்டும் ஒரு அங்குல எலாஸ்டிக் கொடுத்தால் பிள்ளை தானே கழற்றிப் போட்டுக்கொள்வான். பள்ளியில் கழிப்பறைக்கு ஓடுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தாய்மாருக்குத் தெரியும்.

முதுகில் தொங்கும் சிவப்பு அங்கவஸ்திரத்தையும் பாகுபலி கேட்டான். கொடுத்தேன், கழுத்தில் முடிச்சு இல்லாமல். கழுத்தில் கட்டிய துணியை இன்னொரு பிள்ளை விளையாட்டாக இழுத்தாலோ, கதவில் மாட்டினாலோ என்ன ஆகும் என்பதைத் தைக்கிற ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தோளிலும் டிச் பட்டன் வைத்துவிடுங்கள். இழுத்தால் தானாகக் கழன்றுவிடும். நைலான் சாட்டின் பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஆடி மாதம், விளக்கும் சூடமும் எரியும் இடங்கள். நைலான் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி வெல்வெட் கிடைத்தால் எடுங்கள். வெல்வெட்டைக் கையால் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். திசை மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். யார் கண்ணிலும் குத்தாமல் இருக்க அம்பு முனையில் ஸ்பாஞ்சு வையுங்கள்.

ஆரத்தை மணி கோத்துச் செய்தோம். கிரீடம் வேண்டாம் என்றேன்; அவன் விடவில்லை. கடைசியில் அட்டையில் தங்கத்தாள் ஒட்டி ஒரு சின்ன நெற்றிப் பட்டம் செய்து சமாதானம் ஆனோம். வன்பரணர் பொறுத்துக்கொள்வார்.

தோள் தையலிலும் பக்கத் தையலிலும் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டிருக்கிறேன். அடுத்த ஆடிக்குப் பிரித்துவிட்டால் மறுபடி போடலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆகும். கேன்வாஸ் ஒட்டிய கவசத்தை முறுக்கிப் பிழியாமல், ஈரத் துணியால் துடைத்து நிழலில் போடுங்கள்.

பெண்பிள்ளைகள் கேட்கும் குந்தவை, நந்தினி உடைகளுக்கு அடுத்த வாரம் வருகிறேன். அதில் முந்தானையைத் தோளில் நிற்க வைப்பதுதான் பெரிய வேலை. வீட்டில் சரிகைக் கரை போட்ட பழைய சேலை இருந்தால் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)