பாலத்துக்கு அப்பால் கட்டணமில்லா வாசல்

மாலை நிகழ்ச்சியின்போது ஜொகூர் பாருவிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். "சம்பளம் போட்ட அன்னிக்கு மட்டும் இவரு விடியக்காலையிலதான் வீட்டுக்கு வர்றாரு தம்பி." கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை.

மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கேசினோ கெந்திங் மலையில் மட்டுமே. ஜொகூரிலிருந்து அது பல மணி நேரப் பயணம். ஆனால் பாலத்தைத் தாண்டினால் செந்தோசா, மரினா பே சேண்ட்ஸ் என இரண்டு. இரண்டுமே 2010இல் திறந்தவை.

அங்கே நுழைய சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். தன் மக்களுக்கு அந்நாடு போட்ட வேலி அது. மலேசியக் கடப்பிதழைக் காட்டும் நமக்கு அந்த வேலி இல்லை.

"போக்கர் திறமை விளையாட்டுதானே?" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பந்தயத் தொகையில் கேசினோ தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். மேசையில் யார் தோற்றாலும் அதற்கு நட்டமில்லை.

ஒரு வழி உண்டு. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று தானே தடை கேட்டு, சிங்கப்பூரின் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவருக்கும் அது உண்டு.

அக்கா, அடுத்த சம்பளத்துக்கு முன்பே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.