நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது என்பவர்களுக்கு

மரக்காணம் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் டைமிங் பெல்ட் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “வண்டி இன்னும் நாற்பதாயிரம்கூட ஓடல, அதுக்குள்ள என்ன பெல்ட்?” உப்பளத்துக்கும் வீட்டுக்கும், எப்போதாவது திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் மட்டும் போய்வரும் பன்னிரண்டு வருடத்து டீசல் காரில் கிலோமீட்டர் ஏறாதுதான். ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். பெரும்பாலான பெல்ட் வண்டிகளின் கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே வருடக் கணக்கும் இருக்கிறது. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அந்த இரண்டாவது எண்ணை யாரும் படிப்பதில்லை.

கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது இந்தப் பெல்ட். அறுந்தால் கேம் நின்றுவிடும். பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் முட்டும். டீசல் என்ஜின்களில் அனேகமாக இதுதான் கதி. வால்வு வளைந்து, ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி முடிப்பதற்குள் பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு போய்விடும். இ.சி.ஆரில் வேகமாகப் போகும்போது அறுந்தால் என்ஜின் அணைந்து ஸ்டீயரிங் இறுகும், இரண்டு மூன்று மிதிக்குமேல் பிரேக்கும் கல்லாகிவிடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு இது தெரியாது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய இன்னோவா 2.5 டீசலில் பெல்ட், அதே இன்னோவா பெட்ரோலில் செயின், பின்னால் வந்த கிரிஸ்டா டீசலிலும் செயின். ஸ்விஃப்ட் 1.3 டீசலில் செயின். டஸ்டர் டீசல், பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் எல்லாம் பெல்ட். இன்னோவா டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியாததால் கவலையில்லை என்கிறார்கள். அந்த விளக்கு ஓடிய தூரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடவும் முடியும்.

நம் கரையில் வேறொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று ரப்பரைவிட இரும்பைத்தான் அதிகம் தின்னும். டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகள் துருப்பிடித்து இறுகினால் புதுப் பெல்ட்டும் அறுந்துபோகும். கிளிப் உடைந்த டைமிங் கவரை அப்படியே விட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். அந்த இடுக்கு வழியாகத்தான் மண்ணும் ஈரமும் உள்ளே போகின்றன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் மூழ்கி நின்ற கார்களைக் கழுவித் துடைத்து ஸ்டார்ட் செய்தார்கள். எத்தனை பேர் அந்தக் கவரைக் கழற்றிப் பார்த்தார்கள்? பார்க்காதவர்கள் இப்போதாவது பாருங்கள்.

மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. கண்ணில் படுவது பெல்ட்டின் ஒரு பகுதி, அதுவும் அதன் முதுகு. பல்லின் அடியில் விழும் கீறல் பெல்ட்டை வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய்க் கசிவோ கூலன்ட் ஈரமோ பட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையா? அப்படியானால் மாற்றவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனால் ஆர்.டி.ஓ. ஆய்விலும் இந்தக் கவரைத் திறக்க மாட்டார்கள்.

மாற்றும்போது பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி. மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி பில். “பெல்ட் மாற்றியது” என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். வெளியே தெரியும் ஏ.சி., ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்றிவிட்டு அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கியவரும் டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று நம்பி ஓட்டுகிறார். “டைமிங் பெல்ட்” என்ற சொல், பாகத்தின் எண், வண்டி எண், அன்றைய ஓடோமீட்டர் கணக்கு, தேதி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜாப் கார்டின் நகலையும் வாங்குங்கள். பில் இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிற பேரம்தான் பிறகு நுகர்வோர் வழக்குப் போட நேர்ந்தால் அதையே கெடுக்கிறது.

மாற்றிய சில மாதத்திலேயே அறுந்தால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளியும் விடாதீர்கள். டோ செய்து கொண்டுபோங்கள். கவரைத் திறக்கும் முன்பும் திறந்த பின்பும் படம் எடுங்கள். அறுந்த பெல்ட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவராதீர்கள், ஆதாரமே அதுதான். வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம்: தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான மோட்டார் பாலிசியில் சேராது.

அடுத்து, ஒர்க்‌ஷாப்புக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியலாம். ஆனால் அங்கே சமரசத்துக்கு முயல்வார்களே தவிர உத்தரவு போட மாட்டார்கள். உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நேரில் மனு கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. மனுவோடு பிரமாண வாக்குமூலம், பில், ஜாப் கார்டு, பணம் செலுத்திய ஆதாரம், படங்கள், நோட்டீஸ் நகல், தபால் ஒப்புகை எல்லாவற்றையும் இணையுங்கள். ஒர்க்‌ஷாப் சென்னையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மரக்காணம்காரர்கள் விழுப்புரத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. பேசித் தீர்க்கலாம் என்று ஒர்க்‌ஷாப்காரர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் கழிகின்றன.

சொந்த வண்டியை டாக்ஸியாக ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்துபவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் “என் குடும்பப் பிழைப்புக்காக இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன்” என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, டிரைவிங் லைசென்ஸ், பெர்மிட் நகல்களை அதோடு வையுங்கள்.