சூலூரில் இறங்கி நடந்தால்

கோவையிலிருந்து திருச்சி சாலையில் பஸ் ஏறுகிறவர்களுக்குச் சூலூர் என்றால் விமானப்படைத் தளம்தான் நினைவுக்கு வரும். இந்த வாரம் ஊருக்குள்ளேயே இறங்கிவிடுவோம். தளத்துக்குக் கடைசியில் போகலாம். முதலில் பெரிய குளத்துக் கரை.

குளத்துக்குத் தண்ணீர் தருவது வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல். ஆற்றின் குறுக்கே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மழைக்கால வெள்ளத்தைக் குளத்தில் தேக்கினார்கள். மிஞ்சியது களிங்கு வழியே வெளியேறும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கட்டடக்கலை என்கிறோம். என்னைக் கேட்டால், கொங்கு நாட்டின் பெரிய கட்டடக்கலை இந்த மண்கரையும் மதகும்தான். அதே ஆற்றில் இன்று மாநகரத்துச் சாக்கடையும் கலந்து வருவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

சூலூரின் பழமைக்குச் சாட்சி மண்ணுக்கடியில் கிடைத்தது. இங்கிருந்த பெருங்கற்கால ஈமக்குழியில் ஒரு சுடுமண் தட்டை எடுத்தார்கள். அதில் பெரிது பெரிதாகக் கீறிய குறிகள். அவற்றை ஹரப்பாவில் கிடைத்த ஒரு வில்லையோடு ஒப்பிட்டு, வியக்கத்தக்க ஒற்றுமை இருப்பதாக எழுதினார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அந்தக் குறிகள் எழுத்தா, வெறும் அடையாளமா என்ற விவாதம் ஓயவில்லை. இங்குள்ள ஈமச்சின்னத்தில் மத்திய இந்தியாவின் ஏரண் நகரத்துச் செப்புக்காசும் கிடைத்திருக்கிறது. அவ்வளவு தூரத்துக் காசு இங்கே வந்திருக்கிறது என்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடற்கரைக்குப் போன வணிகப் பாதையை மறக்க முடியுமா? மேற்கே வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல், கிழக்கே நொய்யல் கரையிலேயே பழைய வணிக ஊரான கொடுமணல்.

தட்டு இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் மாதிரி ஒன்றையாவது செய்து சூலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

கரையிறங்கி ஊருக்குள் நடந்தால் பழைய ஓட்டு வீடு கண்ணில் படும்போது கொஞ்சம் நில்லுங்கள். முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம் என்னும் கூடம், பின்னால் பொடக்காலி என்னும் புழக்கடை. கூரையில் இருப்பது சீமை ஓடு என்றால், கழற்றி அடுக்கிய ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனியின் பெயர் அச்சில் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழில் அது.

இனி தளம் இருக்கும் காங்கயம்பாளையம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ராணுவ விமானதளம் எழுந்தது. 1942 ஆகஸ்ட் 26 இரவு, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக்காரர்கள் தளத்துக் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். பின்னாலேயே போலீஸ் ஊர் ஊராகப் புகுந்தது. அடியும் சிறையுமாகக் குடும்பங்கள் சீரழிந்தன. 2018 முதல் தேஜஸ் விமானங்கள் பறக்கிற அதே இடம்தான். ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று கடைசியாகப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அந்தச் செய்தி நாடு முழுக்கத் தெரியும். 1942இல் அடிபட்டவர்களின் பெயர்களோ அவர்கள் பிறந்த மண்ணிலேயே பலருக்குத் தெரியாது. அவர்களில் கண்ணம்பாளையத்துக்காரர்களும் உண்டு. அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போவோம்.