உங்களுக்குத் தெரியுமா? மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்!

நாம் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால் பக்கம் இறங்கிவிடும். அதை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. ஆடாமல் அசையாமல் நின்றால் அந்தத் தசைக்கு வேலையில்லை. மூளைக்கு ரத்தம் குறையும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். சாய்ந்ததும் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்து, ரத்தம் தானாகத் தலைக்குப் போகும். ஆக, விழுவதே உடம்பு செய்துகொள்ளும் வைத்தியம். அதைக் கெடுப்பது பக்கத்தில் இருப்பவர்கள்.

சிம்பாங் பூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இதைக் கண்ணால் பார்த்தேன். உச்சி வெயில், கேமரன் மலையிலிருந்து இறங்கிய வேன், அதிலிருந்து இறங்கி நின்ற ஓர் அக்கா அப்படியே சரிந்தார். மூன்று பேர் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார், இன்னொருவர் போத்தலை வாயில் வைத்தார். நிமிர்ந்த தலை மறுபடி தொங்கியது. கடையில் பசியாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கீழ படுக்க வைங்கப்பா" என்று அதட்டி, அக்காவின் கால்களைத் தூக்கி அதே நாற்காலிமேல் வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "என் ஹேண்ட்பேக் எங்க?" என்றார் அக்கா.

கால்களை ஓர் அடி, அதாவது 30 செ.மீ. உயர்த்தினாலே போதும். விழுந்ததில் அடிபட்டிருந்தால் உயர்த்த வேண்டாம். காலர், டை, இடுப்பு வார், சேலை கட்டியவர் என்றால் பாவாடை நாடா, எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ மைலோவோ வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தைலம் எதற்கு என்று கேட்டால், தேய்க்கிறவர் மனநிம்மதிக்கு!

மயங்கியவருக்குச் சில விநாடிகள் கை கால் வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே வலிப்பு என்று முடிவுகட்டி இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்கள். வலிப்பாகவே இருந்தாலும் சாவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஊசியைப் பார்த்ததும் விழுகிறவர் கோழை அல்லர். இதயத் துடிப்பு மந்தமாகி, ரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் சட்டென்று இறங்குவதுதான் காரணம். இதற்கு 'வேசோவேகல் மயக்கம்' என்று 1932இல் பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ். அதே லண்டனில் 2023 ஜூனில், இளவரசர் வில்லியம் முன்னிலையில், கரடித்தோல் தொப்பியோடு வெயிலில் விறைத்து நின்ற அரண்மனைக் காவல் வீரர்கள் சிலர் சரிந்தார்கள். திங்கட்கிழமை பள்ளிச் சபைகூடலில் விழும் நம் பிள்ளைக்கும் அதே கதைதான். காலணிக்குள் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லிக் கொடுங்கள். வாத்தியார் கண்ணுக்குத் தெரியாது.

கண் கட்டுகிறதா? உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். இடமில்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் இடுப்பையும் இறுக்குங்கள், முஷ்டியை மடக்கி அழுத்துங்கள். அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2019இல் முதலுதவி வழிகாட்டியில் சேர்த்த உத்தி இது.

ஒரு நிமிடத்தில் கண் திறக்கவில்லையா? 999. கைப்பேசியில் 112 அடித்தாலும் அங்கேதான் போகும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நெஞ்சுவலியோடு விழுந்தவர், ஓடும்போது விழுந்தவர், எழுந்தபின் பேச்சுக் குழறுகிறவர், இவர்களை "இப்ப சரியாப் போச்சு" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: விரதம், வெறுங்கால், வெயில் மூன்றும் சேரும் நாள். நெருக்கியடிக்கும் கூட்டத்தில் மயங்கியவருக்கு விழக்கூட இடம் இருக்காது. நின்றபடியே இருப்பார், மூளைக்கு ரத்தம் ஏறாது. பக்கத்தில் இருப்பவர் தலை தொங்கினால், முதலில் கத்திக் கூட்டத்தை விலக்குங்கள். அவர் கீழே படுக்க வேண்டும்.