முன்பள்ளிக்கும் பட்டப்படிப்பா?

"சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதற்குப் பட்டம் எதற்கு?" எனப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நாற்றுமேடையில் கவனம் பிசகினால் விளைச்சல் குறையும் என்பது கமக்காரருக்குத் தெரியும். பிள்ளையின் முதல் ஐந்து ஆண்டுகளும் அத்தகையவையே.

அமெரிக்காவின் இப்சிலான்டி நகரில் 1962இல் ஓர் ஆய்வு தொடங்கியது. வறிய குடும்பங்களின் 123 பிள்ளைகளில் 58 பேர் முன்பள்ளியில் சேர்க்கப்பட்டனர். பட்டதாரி ஆசிரியைகள் கற்பித்தனர். வாரந்தோறும் வீட்டுக்கும் சென்று தாய்மாரோடு பேசினர். நாற்பது வயதில் பார்த்தபோது, முன்பள்ளி சென்றோரில் தொழில் பார்ப்போர் மற்றவர்களைவிடக் கூடுதலாகவும், குற்றங்களில் சிக்கியோர் குறைவாகவும் இருந்தனர்.

இப்படிப்பில் பிள்ளையின் உடல், மொழி, மன வளர்ச்சியைக் கற்கிறார்கள். பிள்ளையை அவதானித்துக் குறிப்பெடுக்கப் பழகுகிறார்கள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளை பேசாமல் ஒதுங்கியிருந்தால், காரணம் பயமா, பசியா, காது கேளாமையா என்று கவனித்தறிய இப்பயிற்சி உதவும். முதுமாணி வரை படிப்போர் இத்தகைய கேள்விகளைத் தாமே ஆராய்கின்றனர்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பிள்ளைப் பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்குமென ஒரு துறை உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் இதைப் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். முன்பள்ளி ஆசிரியை வீட்டுக்கு வந்தால், பாய் போட்டு இருத்திப் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள்.